சாகப்போகிறவர் சிரிக்கலாமா? காதல் நகைச்சுவைப் படங்களும் தீராத நோயும்

ஜூன் 4, மாலை. குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியது

"தீராத நோய் வந்தவரை வைத்துக் காதல் நகைச்சுவைப் படம் எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அம்மாவைக் கடைசிவரை கூட இருந்து பார்த்தவள் நான். அந்த அறையில் சிரிக்க ஒன்றுமே இல்லை. மற்ற மொழிக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். தமிழில் இந்த விஷயம் அழவைக்கிற படமாகவே இருக்கட்டும். நோயாளியை வைத்துச் சிரிப்பது பாவம். மறுப்பவர்கள் மறுக்கலாம்."

ஜூன் 4, இரவு

மறுக்கிறேன். நோயாளியை வைத்துச் சிரிப்பது வேறு, நோயாளி சிரிப்பது வேறு. முதலாவது பாவம் என்றால் நானும் உங்கள் பக்கம்தான். இரண்டாவதைத் தடுக்க எனக்கும் உங்களுக்கும் உரிமை கிடையாது.

அழவைக்கிற படங்களில் நோயாளியை எப்படி நடத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1982இல் ஒரே வருடத்தில் இரண்டு படங்கள் வந்தன. 'பயணங்கள் முடிவதில்லை'யில் மோகன், 'வாழ்வே மாய'த்தில் கமல்ஹாசன். இருவருக்கும் புற்றுநோய். இருவருமே காதலியிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள். 'வாழ்வே மாயம்' நாயகன், அவள் தன்னை வெறுத்து ஒதுங்க வேண்டும் என்பதற்காகவே கெட்டவன் வேடமும் போடுகிறான். முந்தின வருடம் தெலுங்கில் வந்த 'பிரேமாபிஷேக'த்தின் கதை அது. பார்க்கும்போது நானும் அழுதேன். ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று யோசியுங்கள். டிக்கெட் வாங்கி வந்த எங்களுக்கெல்லாம் தெரிந்த உண்மை, அவளுக்குத் தெரியாது. அவன் இருக்கப்போகிற கொஞ்ச நாளை அவனோடு கழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற வாய்ப்பையே அவளிடமிருந்து பறித்துவிட்டார்கள். அதைத்தான் தியாகம் என்று காட்டினார்கள்.

அந்தப் படங்களில் சிரிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1962இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஏறக்குறைய முழுதும் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற படம். நோயாளி முத்துராமன். சிரிக்கவைப்பது யார்? வார்டு பாய் நாகேஷ். 'பயணங்கள் முடிவதில்லை'யில் அந்த வேலை கவுண்டமணியுடையது. நோயாளிக்கு அழுகையைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பை வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறோம். எனக்கு ஆட்சேபணை அங்கேதான்.

ஜூன் 5

நாகர்கோவில் நண்பர் ஒருவர், "மறைப்பது நம் பண்பாடு. வெள்ளைக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், அதனால் அவர்களுக்கு இந்த மாதிரிப் படம் எடுக்க வரும்" என்று எழுதியிருக்கிறார்.

அங்கேயும் மறைத்தார்கள். 1961இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சிகாகோவில் மருத்துவர்களிடம் கேட்டபோது பத்தில் ஒன்பது பேர், புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. ஏறக்குறைய எல்லாருமே சொல்லிவிடுவோம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில், 1970இல் வந்ததுதான் 'லவ் ஸ்டோரி' என்ற அமெரிக்கப் படம். அதில் மருத்துவர் முதலில் கணவனிடம்தான் சொல்கிறார், மனைவியிடம் இல்லை. அவனும் வீட்டுக்குப் போய் ஒன்றும் இல்லாதது போல நடிக்கப் பார்க்கிறான். நம் ஊர்க்காரர்கள் செய்வதும் இதைத்தான். ஆக, பதினெட்டு வருடத்தில் மாறிய ஒரு பழக்கத்தைப் பண்பாடு என்று பூட்டிவைக்க வேண்டாம்.

மறைக்கிற வீட்டில் எல்லாரும் நடிகர்கள். வெறும் வாயுக் கோளாறு என்று சொல்லி அழைத்துப் போவார்கள். ஆஸ்பத்திரிப் பலகையில் நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நோயாளி அதைப் படித்துவிட்டுப் படிக்காதவர் போல வருவார். வீட்டார் வருத்தப்படக் கூடாதே என்று அவர் நடிப்பார், அவர் வருத்தப்படக் கூடாதே என்று வீட்டார் நடிப்பார்கள். இந்த வீட்டில் சிரிப்புக்கு வழியே கிடையாது. ஒருவர் உண்மையாக வாய்விட்டுச் சிரித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயம். கருங்கல் சகோதரி சொன்ன அறை இப்படிப்பட்டதாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. குத்திக்காட்டக் கேட்கவில்லை. சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 6, அதிகாலை

சகோதரி தனியாகப் பதில் எழுதியிருக்கிறார். அதை இங்கே போட மாட்டேன். அதற்குப் பதிலாக எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். குழித்துறைப் பக்கம் வீடு. உணவுக்குழாயில் புற்றுநோய். எங்கள் பகுதியில் பெரிய நோய் என்றால் நெய்யூர் ஆஸ்பத்திரி, அதற்கு மேல் திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி. காலை ரயிலில் ஏறினால் ஆர்.சி.சி.க்குப் போகிறவர்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். மடியில் தடித்த ஃபைல், பக்கத்தில் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், கூடவே பேச்சுக் கொடுக்காத ஓர் ஆள். அண்ணனுக்கு மட்டும் பேசாமல் இருக்க வராது. அவருக்கு எல்லாம் தெரியும். டாக்டரிடம் அவரே மலையாளத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாங்கள் மறைக்க நினைத்திருந்தாலும் நடந்திருக்காது.

ஒரு கட்டத்துக்கு மேல் அவரால் விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு அனுப்பினார்கள். அதில் ஆகாரம் கொடுக்க மைனி, அதாவது அண்ணனின் மனைவி, கற்றுக்கொண்டார். தலையணையை அடுக்கி அண்ணனை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். பெரிய சிரிஞ்சின் உள்தண்டை உருவிப் போட்டுவிட்டு, வெறும் கூட்டைக் குழாயின் வாயில் செருக வேண்டும். வடிகட்டிய கஞ்சியை அதில் ஊற்றிக் கையை உயரப் பிடிக்க வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது, தானாக இறங்க வேண்டும். கை உயர்ந்தால் வேகமாக இறங்கும், தாழ்ந்தால் மெதுவாக. கடைசியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். மைனியின் கை நடுங்கும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

அண்ணன் மீன்கறி இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர். முதல் நாள், கஞ்சி பாதி இறங்கியபோது விரலை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நாங்கள் பயந்துவிட்டோம். அவர் மைனியைப் பார்த்து, "உப்பு போதாது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் விடவில்லை, வேளைக்கு ஒரு குறை கண்டுபிடித்தார். இன்று புளி தூக்கல். இன்று தேங்காய் சரியாக அரைபடவில்லை. நெத்தலி என்று சொல்லிச் சாளையை ஊற்றுகிறாய். மைனி வாயே திறக்காமல் ஊற்றிக்கொண்டிருப்பார். எனக்கே அண்ணன் மேல் கோபம் வந்தது. எதற்கு இந்தப் பெண்ணைப் படுத்துகிறார் என்று.

பிறகு ஒரு மத்தியானம். "கறிவேப்பிலை போட மறந்துவிட்டாயா?" என்று அவர் ஆரம்பித்ததும், மைனி சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், "குழாய்க்கு எப்போது நாக்கு முளைத்தது?" என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, கஞ்சியை நிறுத்தி, முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இருமலுக்கு நடுவிலும் சிரிப்பு நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் இப்படித்தான் மாறிமாறிப் பேசுவார்கள் என்று பெரியம்மா சொன்னார்.

இதைப் படமாக எடுத்தால் அது காதல் நகைச்சுவைப் படம்தானே? பாவம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

ஜூன் 6, இரவு

"ஒரு வீட்டில் நடந்ததை வைத்துப் பொதுவாகச் சொல்லக் கூடாது" என்கிறார் தக்கலை நண்பர். பொதுவாகச் சொல்லவில்லை. எல்லா நோயாளியும் சிரிக்க வேண்டும் என்று யாராவது கட்டளையிட்டால் அதையும் எதிர்ப்பேன். அழுகிறவரிடம் போய் "தைரியமாகச் சிரியுங்கள்" என்பது கொடுமை. தானாகச் சிரிக்கிறவரின் வாயைப் பொத்தாதீர்கள் என்பதே என் கட்சி.

ஜூன் 8

'இதயத்தைத் திருடாதே'யை மறுபடி பார்த்தேன். மணிரத்னம் தெலுங்கில் 1989இல் எடுத்த 'கீதாஞ்சலி'. நாகார்ஜுனா, கிரிஜா, ஊட்டிப் பனி. இந்த விவாதத்துக்கு மிக அருகில் வருகிற படம் இதுதான். அவனுக்குப் புற்றுநோய், அவளுக்கு இதயத்தில் கோளாறு. அவள் தன் சாவைத் தெரிந்துவைத்துக்கொண்டே ஊரையெல்லாம் கலாட்டா செய்கிறாள். அங்கே சிரிப்பு நோயாளியின் கையில் இருக்கிறது. நான் கேட்டதும் அதுதான்.

ஆனால் இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. தன் சாவைப் பற்றி அத்தனை லேசாகப் பேசுகிற பெண், அவனும் சாகப்போகிறவன் என்று தெரிந்ததும் உடைந்துபோகிறாள். அவனைப் போகச் சொல்கிறாள். தன் சாவை வைத்து விளையாட முடிந்தவளுக்கு அவன் சாவைத் தாங்க முடியவில்லை.

நான்காம் தேதி நான் எழுதியதில் இது இல்லை. சிரிப்பு யார் கையில் என்பதோடு விஷயம் முடியவில்லை. என் சாவை நான் கேலி செய்யலாம். எனக்குப் பிரியமானவரின் சாவை நான் எப்படிக் கேலி செய்வேன்? அண்ணனுக்கு 'உப்பு போதாது' என்று சொல்வது சுலபம், அது அவர் வயிறு, அவர் குழாய். மைனி பதில் சொல்வது அத்தனை சுலபமில்லை. அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பது படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நோயாளி சிரிக்கிற படம் நிறைய இருக்கலாம். கூட இருப்பவர் பதிலுக்குச் சிரிக்கிற இடத்துக்கு வந்துசேர்கிற படம்தான் அரிது. காதல் நகைச்சுவை என்பதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஜூன் 9

"பிளட் கேன்சர்" பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எண்பதுகளின் சினிமாவில் அது ஒரே நோய், கைக்குட்டையில் ரத்தம், மூன்று மாதக் கெடு. நிஜத்தில் ரத்தப் புற்றுநோய் பல வகை. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற வகையை நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் குணப்படுத்துகிறார்கள். சி.எம்.எல். என்கிற நாள்பட்ட வகைக்கு 2001இல் இமாடினிப் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் மாத்திரை சாப்பிட்டுப் பல வருடம் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தின் காப்புரிமை வழக்கில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மனுவை 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்திய நிறுவனங்கள் மலிவாகத் தயாரிப்பது அதனால் தொடர்ந்தது.

'வாழ்வே மாயம்' நாயகனுக்கு இன்று இந்த வகை வந்திருந்தால் காதலியை விரட்டியிருக்க வேண்டியதில்லை. கல்யாணம் செய்துகொண்டு மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைத்திருப்பான். கதாசிரியர்கள் ஒரு டாக்டரிடமாவது கேட்டுவிட்டு எழுதட்டும்.

ஜூன் 9, இரவு

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் வருகிறதா என்று இங்கே சண்டை தொடங்குகிறது. அது பெரிய விஷயம், தனி இழை தொடங்கிப் பேசுங்கள். இங்கே படம் மட்டும்.

ஜூன் 11

இன்று கொஞ்சம் கடுமையாக எழுதப்போகிறேன்.

சினிமாவில் சாகிறவர்களுக்கு வலிப்பதில்லை. மயங்குவார்கள், வாடுவார்கள், தலைமுடி கலையாமல் மடியில் சாய்வார்கள். அண்ணனுக்கு வலித்தது. வலி உச்சத்தில் இருந்த நாட்களில் அவர் ஒரு கேலிகூடச் செய்யவில்லை, எங்களை அடையாளம் தெரிந்ததாகக்கூடக் காட்டவில்லை. முதலில் காட்டிய இடத்தில் மார்ஃபின் கிடையாது என்றார்கள். பழக்கமாகிவிடும் என்று ஓர் உறவினரும் பயமுறுத்தினார். பிறகு வலி நிவாரணச் சிகிச்சை தெரிந்த ஒரு டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். குழாய் வழியாகக் கொடுப்பதற்கும் சொல்லித் தந்தார். இரண்டாம் நாள் அண்ணன் கண்ணைத் திறந்து மைனியின் சேலையைப் பார்த்து, "இது யார் கல்யாணத்துக்கு எடுத்தது?" என்று கேட்டார்.

வாய்வழி மார்ஃபின் புற்றுநோய் வலிக்கு அடிப்படை மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வழிகாட்டியது. நம் நாட்டில் 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கிவைக்கவே தயங்கின. ஒரு மாநிலத்தில் பல அலுவலகங்களின் உரிமம் தேவைப்பட்டது. 2014இல்தான் திருத்தம் வந்து அது எளிதாயிற்று. கேரளம் முந்திக்கொண்டது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் பின்னர் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலி நிவாரண அமைப்பைத் தொடங்கினார். எல்லையோரம் இருப்பதால் அந்தக் காற்று எங்கள் பக்கமும் கொஞ்சம் வீசியது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், கருங்கல் சகோதரி, உங்கள் அம்மாவின் அறையில் சிரிப்பு இல்லாமல் போனதற்கு நீங்களும் காரணமில்லை, அம்மாவும் காரணமில்லை. வலி அடங்காத உடம்புக்குச் சிரிப்பு வராது. வலியைக் காட்டாமல் சிரிப்பை மட்டும் காட்டுகிற படத்தைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம். அந்த மாத்திரையையும் சேர்த்துக் காட்டட்டும்.

ஜூன் 12

கலைவாணரை யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று ஒழுகினசேரி நண்பர் வருத்தப்பட்டிருக்கிறார். நியாயம்தான், நம் ஊர்க்காரர். என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் திரையில் செய்தது கணவன் மனைவி நகைச்சுவை. அவர் ஒன்று சொல்வார், அந்த அம்மாள் ஒரே வரியில் மடக்குவார். காதலும் கேலியும் ஒரே வாயிலிருந்து வருவது தமிழுக்குப் புதிதில்லை. நோய் வந்த ஜோடிக்கு மட்டும் அதை ஏன் மறுக்கிறோம்?

ஜூன் 14

ஆங்கிலப் படங்களில் எது தேறும் என்று கேட்டவர்களுக்கு. '50/50' (2011) படத்தை எழுதிய வில் ரைசரே முதுகுத்தண்டில் புற்றுநோய் வந்து பிழைத்தவர். அந்த நாட்களில் அவரோடு இருந்த நண்பர் சேத் ரோகன்தான் படத்திலும் நண்பர். 'தி பிக் சிக்' (2017) குமைல் நான்ஜியானியும் அவர் மனைவி எமிலி கார்டனும் சேர்ந்து தங்கள் கதையை எழுதியது. அவளை மருந்து கொடுத்து ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அவன் வராந்தாவில் அவள் அப்பா அம்மாவோடு மாட்டிக்கொள்கிறான். இரண்டிலும் நோயாளி பிழைத்துவிடுகிறார், ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் தீராத நோய்ப் படங்கள் இல்லை. இருந்தாலும் இரண்டிலும் ஆஸ்பத்திரி நாற்காலியின் அசௌகரியம்வரை சரியாக இருக்கிறது.

யோசித்தால் காரணம் தெரிகிறது. பிழைத்தவர்களால் தங்கள் கேலியைத் தாங்களே எழுத முடிந்தது. பிழைக்காதவரின் கேலியைக் கூட இருந்தவர்தான் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னதையெல்லாம் வார்த்தை மாறாமல் வைத்திருப்பவர் மைனிதான்.

ஜூன் 15

புற்றுநோய் வந்த காதலர்களின் கதையான இந்திப் படம் 'தில் பேச்சாரா' பற்றிக் கேட்டவருக்கு: 2020 ஜூலையில் அது இணையத்தில் வந்தபோது அதன் நாயகன் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அன்று யாரும் அந்தப் படத்தைப் படமாகப் பார்க்கவில்லை. நானும் இப்போது தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஜூன் 18

ஞாயிற்றுக்கிழமை மைனி வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த விவாதத்தைச் சொன்னேன். 'ஞண்டுகளுடெ நாட்டில் ஒரிடவேள'யைச் சேர்ந்து பார்த்தோம். 2017இல் வந்த மலையாளப் படம், சாந்தி கிருஷ்ணாவுக்கு மார்பகப் புற்றுநோய், மகன் நிவின் பாலி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் பார்க்க எழுத்து ஓட வேண்டியதில்லை. அம்மா நிதானமாக இருக்க, வீட்டு ஆண்கள் பதறுகிற இடங்களில் மைனி நன்றாகச் சிரித்தார். "உன் பெரியப்பா இப்படித்தான்" என்றார்.

படம் முடிந்ததும் அவருக்குக் குறைகள் இருந்தன. பணம் புரட்டுவதைக் காட்டவே இல்லை. நகையை அடகுக்கு எடுத்துப் போகும்போது எந்த வளையல் முதலில் என்று அண்ணனும் அவரும் போட்ட சண்டையை எவராவது எடுத்தால் ஊரே சிரிக்குமாம். அண்ணன் கடைசிவரை கல்யாண வளையலைக் கழற்ற விடவில்லை, "அதைப் போட்டுக்கொண்டுதான் நீ என்னை அடிக்க வேண்டும்" என்று சொன்னாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரிக்க இடம் பிடிப்பதும் வேண்டும். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிற ஹார்லிக்ஸும் மட்டிப்பழமும் வேண்டும். விழுங்க முடியாத மனிதருக்கு முன்னால் அந்தப் பழக்குலைகள் பழுத்துக்கொண்டிருக்கும், அண்ணன் ஒவ்வொரு குலைக்கும் கொண்டுவந்தவரின் பெயரை வைத்துக் கூப்பிடுவார்.

"கதாநாயகன் கடைசியில் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா?" என்று கேட்டேன்.

"சாகட்டும்," என்றார் மைனி. "பொய் சொல்ல வேண்டாம். ஆனால் அவன் சொன்னதற்கு அவள் பதில் சொன்ன பிறகு சாகட்டும்."

கதை எழுதத் தெரிந்தவர்கள் இந்தக் காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம். மைனி அனுமதி கொடுத்துவிட்டார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: கஞ்சி ஊற்றுகிற காட்சியில் நடிக்கிற பெண், சிரிஞ்சைச் சரியான உயரத்தில் பிடிக்கக் கற்றுக்கொண்டு வர வேண்டும்.